வைக்கோல் கன்று

ஒரே ஒரு ஊரில், நடுவில் ஒரே ஒரு குட்டைச் சுவர் வைத்துக்கொண்டு இரண்டு ஓரகத்திகள் குடியிருந்தார்கள். மூத்தவள் செங்கமலம், இளையவள் பூமயில். மாமனார் சாகும்போது ஆளுக்கொரு பசு கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் ஒரு தாய் ஈன்றவை. இரண்டும் ஒரே வாரத்தில் கன்று போட்டன.

பூமயில் முதலில் கன்றை ஊட்டவிட்டு, அப்புறம்தான் கறப்பாள். செம்பு நுரைத்துத் தளும்பும். செங்கமலம் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். பார்த்ததும் வயிறு எரியும். அவள் செம்பு முக்கால்தான்.

"ஏண்டி, உன் மாட்டுக்கு என்னடி வைக்கிறே?"

"நீங்க வைக்கிற அதே புண்ணாக்குதான்க்கா. கன்னு வயிறு நிறைஞ்சா மாடு தானா சுரக்குது."

"ஆமாமா, எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டா!"

பொறாமைக்காரிக்கு நல்ல பதில் காதில் ஏறுமா? இப்போது தன் கன்றின் மேலேயே அவளுக்குப் பொறாமை வந்துவிட்டது. அது விழுங்குகிற ஒவ்வொரு மடக்கும் தன் செம்பிலிருந்து போகிறதாம்! முதல் நாள் ஒரு காம்பு மட்டும் விட்டாள். மறுநாள் வாய் வைத்ததும் இழுத்துக் கட்டினாள். அப்புறம் விடவே இல்லை. கன்று கத்தியது, கத்தியது, ஒரு காலையில் கத்தாமல் கிடந்தது.

கன்று முகம் காணாமல் பசு சுரக்காது. அதற்கும் மனிதர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தைத்து, தாய் முன்னால் நிறுத்துவார்கள். தாய் நக்கும், நக்க நக்கச் சுரக்கும். செங்கமலமும் தைத்தாள், செம்பும் நிரம்பியது. சுவருக்கு மேலே அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

பசு கேட்டது, "அம்மா, என் பிள்ளை ஏன் குடிக்க மாட்டேங்குது?"

"வயிறு நிறைஞ்சிடுச்சு."

மறுநாள், "ஏன் கத்த மாட்டேங்குது?"

"சமத்தாயிடுச்சு."

மூன்றாம் நாள், "ஏன் சில்லுனு இருக்கு?"

"பனி."

சுவருக்கு அந்தப் பக்கம் கூடப்பிறந்த மாடு உயிருள்ள கன்றை நக்கும் சத்தம். அதைக் கேட்கக் கேட்கப் பசுவுக்கும் பொறாமை. இன்னும் அழுத்தி நக்கியது. தையல் விட்டது, வைக்கோல் சரிந்தது. செங்கமலம் தீனியையும் குறைத்திருந்தாள், பசுவுக்குப் பசி. ஒரு வாய் தின்ற பிறகுதான் தெரிந்தது, எதைத் தின்கிறோம் என்று.

கயிற்றை அறுத்தது, சுவரைத் தாண்டியது, அங்கிருந்த கன்றுக்கு மடி கொடுத்தது.

"ஐயோ என் பாலு! என் பாலு!" என்று ஓடிவந்தாள் செங்கமலம்.

"உன் பாலா? இத்தனை நாளும் என் பிள்ளைக்குச் சுரக்கிறேன்னுல்ல நினைச்சேன். நான் தின்னதை இனி நீயும் தின்னு."

பூமயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசு திரும்பியது.

"சிரிக்காதே பூமயில். நீ கறக்கிறது மிச்சம்னு யார் அளந்தது? கன்னா, நீயா?"

பூமயில் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். கன்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து செங்கமலத்துக்குச் சோறு தின்றால் வைக்கோல், குழம்பு ஊற்றினால் வைக்கோல், பாயசம் காய்ச்சினால் அதுவும் வைக்கோல். பக்கத்து வீட்டில் கத்தரிக்காயைச் சப்புக்கொட்டித் தின்பதைக் கேட்டுக் கேட்டு அழுதாள். கடைசியில் பசுவின் காலில் விழுந்தாள்.

"எப்போ தீரும், தாயே?"

"என் கன்னு எழுந்து வந்து பால் குடிக்கிற அன்னைக்கு."

கதைக் கயிறு அவிழ்ந்தது, கன்று தாயிடம் போனது. குடிப்பதும் மிச்சம் வைப்பதும் உங்கள் பாடு கண்ணுகளா. யார் பங்கு என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.