தட்டு மாறிய கால்கள்

கல்லூரி விளையாட்டுக் கூடத்துக்கு, ஓட்ட அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கோட்டு போட்ட நிபுணர் ஒருவர் வந்தார். கால் பலம் அளக்கும் அவர் மெஷினில் காலுக்கொரு தட்டு. ஓட்டக்காரி செண்பகவல்லி ஏறிக் குதித்தாள்.

"இடது கால் பலம் கம்மி. அணியில் இடமில்லை. என் மெஷின் பொய் சொல்லாது!"

செண்பகவல்லி அழுதாள். கூடம் பெருக்கும் அந்தோணியம்மாள், முன்பு சந்தையில் காய் விற்றவள், துடைப்பத்தோடு வந்தாள்.

"ஐயா, தராசு மேல சந்தேகம் வந்தா நாங்க தட்டை மாத்தி நிறுப்போம். புள்ளையைத் திரும்பி நின்னு குதிக்கச் சொல்லுங்க."

குதித்தாள். இப்போது அதே தட்டில் வலது கால். அதற்குப் பலம் கம்மி, இடது கால் சரி என்றது மெஷின்!

"திரும்புறதுக்குள்ள நோவு கால் மாறிடுச்சாங்கய்யா?"

நிபுணர் அணியில் செண்பகவல்லியின் பெயரை எழுதினார்.

"உசுருள்ளவரை மறக்க மாட்டேன்க்கா!" என்று செண்பகவல்லி அவள் காலில் விழப் போனாள்.

"ஓடுற காலை எதுக்குத் தாயி மடக்குற? போ, ஓடு!"