நாலாம் ரீலின் ‘ம்’

வடபழனியில் ஒரு எடிட்டிங் அறை. அங்கே சீடருக்கு வயது நாற்பத்தொன்பது, குருவுக்கு முப்பத்தாறு.

சீடரின் பெயர் தணிகாசலம். ஆரணியில் இருபது வருடம் கல்யாண வீடியோ வெட்டியவர். சினிமாவுக்கு வந்து, பெர்னதெத் மேடத்திடம் உதவியாளராகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் இவளை மேடம் என்பார். இவள் அவரை அண்ணே என்பாள். வேலை என்று வந்துவிட்டால் அண்ணன் தங்கை எல்லாம் கிடையாது.

படம் வெட்டி முடித்தாயிற்று. ஒலி வேலைக்குக் கோப்பு கட்டி அனுப்பவேண்டும். வசனம் தனி, மற்ற சத்தம் தனி, பாட்டு தனி. ரீல் தொடங்க இரண்டு செகண்டுக்கு முன்னால் ஒரு ‘பீப்’. பிறகு, வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் கொஞ்சம் உபரிச் சத்தம். அதற்கு ஹேண்டில் என்று பெயர். படத்தில் அது கேட்காது, மடித்துத் தைத்த துணிபோல உள்ளே இருக்கும். ஒலிக்காரர்கள் தேவைப்பட்டால் பிரித்து இழுத்துக்கொள்வார்கள்.

முதல்முறையாக ஒரு ரீலைத் தணிகாசலமே கட்டியிருந்தார். நாலாம் ரீல். அது சரியாகப் போனால் அடுத்த படத்தில் அவர் பெயர் தனியாக வரும் என்று மேடம் சொல்லியிருந்தாள். சரியாகப் போகாவிட்டால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. ஆரணிக்குப் பஸ் எப்போதும் உண்டு.

மூன்று மணிக்கு பெர்னதெத் வந்தாள். மானிட்டரை அணைத்தாள். கோப்பைக் காதால்தான் பார்ப்பாள்.

நாலாம் ரீல் முழுக்க ஒரே ஆள். கோவர்த்தனன் என்ற நடிகர், ரயில்வே குவார்ட்டர்ஸ் சமையலறையில் தனியாக உட்கார்ந்து, வராத மகனிடம் பேசுகிற காட்சி. படப்பிடிப்பு முடிந்த மூன்றாம் வாரம் அவர் இறந்துபோனார்.

ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. “சாப்பிட்டுப் போலாம்லடா.” அப்புறம் ஒன்றுமில்லை. ஃபேன் இல்லை, தெரு இல்லை. ஓட்டை. பிறகு மறுபடி குரல். மறுபடி ஓட்டை.

“நடுவுல இருந்த ரூம் எங்கண்ணே போச்சு?”

“அங்க யாரும் பேசல மேடம். அதான் சுத்தம் பண்ணிட்டேன்.”

“பந்தியில இலை எடுக்கறத வெட்டற மாதிரி வெட்டியிருக்கீங்க. கல்யாணமா இது?”

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். பழைய கை. பேச்சு இல்லாத இடத்தை வெட்டி எறி, மேலே ஒரு பாட்டைப் போடு. இருபது வருடம் அப்படித்தான் சோறு போட்டது. வீட்டிலும் அதே கதைதான். மனைவி அமுதவல்லி போய்ச் சேர்ந்த இந்தப் பதினோரு மாதத்தில் அவர் டிவியை அணைத்ததே இல்லை. தூங்கும்போதும் யாராவது நியூஸ் வாசித்துக்கொண்டிருக்கவேண்டும்.

“ஹேண்டில் எத்தனை செகண்ட் விட்டீங்க?”

அவளே மானிட்டரைப் போட்டுத் திறந்து பார்த்தாள். கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

“தெரியாம போட்டீங்களா, தெரிஞ்சா?”

“தெரிஞ்சுதான்.”

அவள் அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். படப்பிடிப்பில் பதிவானதெல்லாம் இருக்கிற மூல டிஸ்கை அஞ்சு மணிக்குக் கம்பெனி ஆள் வந்து வாங்கிப் போவான். சின்ன பட்ஜெட். அழித்துவிட்டு அதிலேயே அடுத்த படத்தை எடுப்பார்கள், வேறு நகல் கிடையாது. அதற்குப்பிறகு கோவர்த்தனனின் குரலில் மிஞ்சுவது இந்தக் கோப்பில் இருப்பது மட்டும்தான். இது தணிகாசலத்துக்கும் தெரியும். அதனால்தான் பூஜ்யம் போட்டார்.

“நீங்களே கேளுங்க மேடம்,” என்று மூல டிஸ்கிலிருந்து ஒரு துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

“சாப்பிட்டுப் போலாம்லடா.” டைரக்டரின் குரல், “கட்.” யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். பிறகு அந்தச் சமையலறையின் சும்மா இருக்கிற சத்தம். ஃபேன் சுற்றுகிறது. சட்டென்று அந்தச் சத்தம் கொஞ்சம் மங்குகிறது, ஃபேனுக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு ஆள் வந்து நின்றதுபோல.

அப்புறம் கோவர்த்தனன், ரொம்ப மெதுவாக, “ம்.”

“கூட நடிச்சவங்க யாராவது?”

“இந்த ரீல்ல அவரு மட்டும்தான். நாப்பத்தோரு துண்டு மேடம். நாப்பத்தொண்ணுலயும் கட்டுக்கு அப்புறம் இது இருக்கு. சிலதுல உடனே ம் சொல்றாரு. சிலதுல ரொம்ப நேரம் கழிச்சு. நீளமா ஏதோ கேட்டுட்டுச் சொல்ற மாதிரி. கடைசித் துண்டுல லேசா சிரிக்கிறாரு.”

பெர்னதெத் அந்தத் துண்டையும் கேட்டாள். கோவர்த்தனன் சிரித்தார்.

“சவுண்ட் ஸ்டூடியோல சின்னப் பசங்க. கேட்டா சிரிப்பானுங்க, இல்ல பயந்துப்பானுங்க,” என்றார் தணிகாசலம். “இது போகட்டும் மேடம். டிஸ்கோட போகட்டும்.”

“பசங்களுக்காகவா பூஜ்யம் போட்டீங்க?”

அவர் மவுஸைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“யாருக்கு மேடம் ம் சொல்றாரு?”

பெர்னதெத் ஸ்பீக்கரை அணைத்தாள்.

“ஒரு ஜமீன்தார் இருந்தாராம். அவருக்குத் தூக்கமே வராது.”

“ம்,” என்றார் தணிகாசலம்.

“கதை சொல்ல ஒரு ஆளை வச்சாரு. கதை கேட்டா ம் கொட்டணும்ல? ஜமீன்தாருக்கு அதுக்கும் சோம்பல். ம் கொட்ட இன்னொரு ஆளை வச்சாரு.”

“சம்பளத்துக்கா?”

“மாசச் சம்பளம். கூட ரெண்டு மரக்கா நெல்லு.”

“நம்ம உத்தியோகத்துக்கு அது எவ்வளவோ தேவல.”

“கேளுங்கண்ணே. பத்து வருஷம் இவரு சொல்வாரு, அவரு ம் கொட்டுவாரு, ஜமீன்தார் தூங்குவாரு.”

“ம்.”

“ஒரு நாள் கதை சொல்றவரு செத்துப்போனாரு.”

“ம்.”

“மறுநாள் ம் கொட்டறவரு வழக்கம்போல வந்து உக்காந்தாரு.”

“எதுக்கு? சொல்லத்தான் ஆள் இல்லையே.”

“நெல்லு வேணாமா? ஜமீன்தாரும் வந்து படுத்தாரு. விளக்கைக் கொறச்சாங்க.”

“ம்.”

பெர்னதெத் நிறுத்திவிட்டாள்.

அவள் தொடரட்டும் என்று தணிகாசலம் காத்திருந்தார். சத்தம் போகாத அறை. நான்கு சுவரிலும் பஞ்சு. ஏசியின் ஓட்டம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. டிவி இல்லாத இடத்தில் இவ்வளவு நேரம் அவர் சும்மா உட்கார்ந்து நாளாயிற்று. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

ஏசிச் சத்தம் லேசாக மங்கியது. யாரோ நடுவில் வந்து நின்றதுபோல.

பிறகு பழையபடி ஆனது.

“ம்,” என்றார் தணிகாசலம்.

பெர்னதெத் அவரைப் பார்த்தாள்.

“நான் ஒண்ணும் சொல்லலையேண்ணே.”

வெளியே நடையில் டீ கிளாஸ்கள் மோதிக்கொண்டன, யாரோ பேசிக்கொண்டு போனார்கள். கடிகாரத்தில் மூன்றே முக்கால். தணிகாசலம் மானிட்டர் பக்கம் திரும்பினார். வெட்டி எறிந்த இடங்களையெல்லாம் மூல டிஸ்கிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைத்தார். ஃபேன் வந்தது. தெரு வந்தது. அந்தச் சமையலறை முழுசாக வந்தது. பெர்னதெத் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் ஹேண்டில் கட்டம் வந்தது. பூஜ்யத்தை அழித்தார். கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

“எத்தனை செகண்ட் விடட்டும் மேடம்?”

“இப்ப ஒண்ணுக்கு ம் சொன்னீங்களே, அதைச் சொல்ல அண்ணிக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? அவ்வளவு விடுங்க.”