பழைய பெட்டியின் மூன்று உயிர்

கோவை காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் ஒரே கூச்சல். தேன்மொழி என்ற பெண் அங்கே பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஆடக் கற்றுக்கொடுத்தாள். வயது இருபத்தெட்டுதான். ஆனாலும் அந்த மாடிக்கு அவள்தான் குரு.

சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. செல்போனுக்கு விளையாட்டு செய்து தருகிற கம்பெனியில் வேலை. அவரும் கூட இருந்த மூன்று பேரும் ராப்பகலாக உழைத்துச் செய்த புது விளையாட்டை ஜனங்கள் ஒரு தரம் திறந்துவிட்டு, அப்புறம் சீந்துவதே இல்லை. இந்த மாதத்துக்குள் அது தேறாவிட்டால் நாலு பேருக்கும் வேலை போய்விடும். பாவம், மனிதருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. பழைய பெட்டியின் ரகசியத்தைப் பிடித்துவிடலாம் என்று வாராவாரம் வந்து ஓரமாக நின்று பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருநாள் கேட்டே விட்டார்.

“ஏனுங்க அம்மணி, ஒரு குட்டி மனுசன் குழியத் தாண்டித் தாண்டி ஓடறான். கதை கெடையாது, கலரும் நாலோ அஞ்சோ. இதுக்குப் போயி ஏன் இத்தன பேரு பைத்தியமா இருக்காங்க?”

“உங்களுக்கு என்னங்ணா தோணுது?”

“மூணே மூணு உசுருதான் குடுக்கறான். பொசுக்குனு செத்துப் போறாங்க. அத மட்டும் சரி பண்ணிட்டா இன்னும் நல்லா இருக்கும்.”

தேன்மொழி பெட்டியை வயரோடு சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

“பண்ணிட்டு வாங்க.”

அடுத்த ஞாயிறு பெட்டி திரும்பி வந்தது. இனி எத்தனை தரம் விழுந்தாலும் குட்டி மனிதன் சாக மாட்டான்.

பல் டாக்டர் ஹசீனா முதலில் உட்கார்ந்தார். அந்த விளையாட்டில் வரும் முதலைக் குளத்தைத் தாண்ட முடியாமல் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். விழுந்தார், எழுந்தார், குளத்தைத் தாண்டினார், கடைசிக் கோட்டையையும் தொட்டுவிட்டார்.

யாரும் கை தட்டவில்லை.

“அவ்வளவுதானா?” என்றார் ஹசீனா. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மற்றவர்கள் அவரவர் போனை நோண்ட ஆரம்பித்தார்கள். நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று சென்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது.

“பழையபடி மாத்துங்ணா,” என்றாள் தேன்மொழி.

மாற்றினார்.

“இப்ப நீங்க உக்காருங்க.”

“நானா? நான் ஆடுனதே இல்லீங்களே!”

அத்தனை வாரம் வந்தும் மனிதர் ஒரு தடவைகூட உட்கார்ந்து ஆடவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இழுத்துப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

முதல் குழியிலேயே தொப்பென்று விழுந்தார். “போச்சு! போச்சு!” என்று மாடியே அலறியது. இரண்டாவது உயிரும் அதே குழியில் போனது. மூன்றாவது தடவை தாண்டிவிட்டார். தாண்டிய குஷியில் எழுந்து நின்று குதித்தவர் அடுத்த குழியைக் கவனிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் கேட்டு, கீழே கடை வாசலில் நின்றிருந்த ஹசீனா படியேறி ஓடிவந்தார்.

மூன்று உயிரும் போனவர் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். சென்னியப்பன் நடக்கவில்லை, ஓடினார். வேலை போகும் கவலைகூட மறந்துபோயிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

“பாருங்க அம்மணி, இந்தத் தடவ அந்த ரெண்டாவது குழிய உட மாட்டேன்!”

தேன்மொழி சிரித்தாள்.

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எங்க வெளையாட்ட நீங்க ஆடிப் பாத்தீங்களா?”

“அது வெளிய வந்த அன்னிக்கே ஆடுனனுங்ணா. தொறந்ததும் பாராட்டுச்சு. தங்கக் காசாக் கொட்டுச்சு.”

“அப்பறம் ஏனுங்க அம்மணி உட்டுட்டீங்க?”

“ஒருக்காகூட என்னச் சாக உடலீங்களேண்ணா.”