பிளம்ஸ் கிளை நின்ற விதம்

“டீச்சர், இந்தக் கிளை நிக்கமாட்டேங்குது.”

தேவசகாயத்தின் குரலில் கோபம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் சங்க மேடைகளில் பேசிப் பேர் வாங்கிய குரல்.

பிலோமி டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஜப்பானில் சில வருடங்கள் இருந்து பூ அலங்காரம் கற்று வந்து, குன்னூரில் வகுப்பு நடத்துபவர். இந்த மாணவரைவிட வயதில் மிகவும் இளையவர்.

“என்ன செய்யுது?”

“ஜாடியில வச்சதும் சுத்திக்கிட்டு, பூவையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பிக்குது. கோவிச்சுக்கிட்ட மாதிரி.”

“நீங்க என்ன சொன்னீங்களோ.”

தேவசகாயம் சிரிக்கவில்லை. மறுநாள் மாலை அவர் மனைவி ரோஸ்லினின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். கடையில் வாங்கிய மாலை வேண்டாம், படத்தின் முன் தன் கையால் ஒரு கிளை வைக்க வேண்டும். அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்திருந்தார்.

கிளையின் அடியை நறுக்கினார். மறுபடி நறுக்கினார். கூழாங்கல் போட்டார். நூலால் கட்டினார். கடைசியில் செல்லோடேப்பை எடுத்தார்.

“சார், அதுக்கு அடிபட்டிருக்கா? கட்டுப் போடறீங்களே!”

“அப்ப நீங்க நிக்க வைங்க, பார்ப்போம்.”

“கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வாங்க.”

அவர் செம்போடு திரும்பியபோது கிளை நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்ந்து, வெள்ளைப் பூக்களை அறைக்குள் காட்டியபடி. நூல் இல்லை. கல் இல்லை.

தேவசகாயம் விரலால் தள்ளிப் பார்த்தார். அசைந்தது. விழவில்லை.

“உங்க கைராசி, டீச்சர்.”

“கையைத்தான் எடுத்துட்டேனே.”

“அப்ப கிளை நல்ல கிளை.”

“இவ்வளவு நேரம் அதைத்தானே திட்டினீங்க?”

டீச்சர் மேசையைக் காட்டினார்.

“நீங்க நறுக்கிப் போட்டதுல ஒரு துண்டு குறையுது. தேடுங்க.”

மேசைக்கடியில் தேடினார். குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். இல்லை.

டீச்சர் ஜாடியைப் பார்த்தார். தேவசகாயம் குனிந்தார்.

ஜாடியின் வாய்க்குச் சற்றுக் கீழே, உள்ளே, விரல் நீளத்தில் ஒரு குச்சி. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே இறுகிப் பொருந்தியிருந்தது. அதே கிளையின் அடிப்பாகம். பூத்த கிளை மொத்தமும் அதன்மேல்தான் சாய்ந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். வெளியிலிருந்து எதுவும் தெரியவில்லை.

மறுபடி குனிந்தார்.

பிறகு கைகூப்பினார்.

“எனக்கா சார்?”

“இல்ல டீச்சர்.”

டீச்சர் அந்தக் குச்சி மூழ்கும்வரை ஜாடியில் தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் வீட்டில் ஜெபம் முடிந்தது. வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அதன் முன் தேவசகாயம் தன் கையால் அதேபோல் நிறுத்தியிருந்த பூவைப் பார்த்தார்கள். ரோஸ்லினின் தம்பி ஆசீர் காப்பி டம்ளரோடு பக்கத்தில் வந்தான்.

“பிரமாதம் அத்தான். எதுல இறங்கினாலும் உங்களுக்குப் பேர்தான்.” படத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. “அக்காதான், பாவம். உங்க கூட ஒரு மேடையில வந்து நின்னதில்ல.”

தேவசகாயம் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். தோளைப் பிடித்து ஜாடியருகே கூட்டிப்போனார்.

“உள்ளே பாரு, மாப்ள.”

“பார்த்து அத்தான், தண்ணி சிந்தும். என்ன இருக்கு உள்ளே?”

“உங்கக்கா.”