அரசர் தலையைச் சுற்றிய வெளிச்சம்

முன்பொரு காலத்தில், கண்ணாடி பார்ப்பதில் சலிப்பே வராத அரசர் ஒருவர் இருந்தார். கடல் கடந்து வந்த ஒரு வணிகன், காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய படமொன்றை அவருக்குக் காட்டினான். அதில் அவன் நாட்டு மன்னனின் தலையைச் சுற்றிப் பொன்னொளி. அன்று முழுக்க அரசருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில், "எனக்கும் அப்படியொரு படம் வேண்டும். ஆனால் தலையைச் சுற்றி வெள்ளை, மஞ்சள், பொன் எதுவும் பூசக் கூடாது. சாயத்தில் வரும் ஒளி எனக்கெதற்கு? நிஜ ஒளி வேண்டும்" என்றார்.

பொக்கிஷ அதிகாரி நாகலிங்கர் எழுந்தார். "நம் விகடக்காரி கோமளவல்லி எங்களையெல்லாம் வாயால் வரைந்து தள்ளுகிறாளே, அரசே. கையாலும் வரையட்டும். முடியாவிட்டால் அந்த வாய்க்கு ஓய்வு கொடுத்துவிடலாம்."

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. பௌர்ணமிக்குள் படம் வராவிட்டால் அவள் இனிச் சபையில் பேசக் கூடாது.

சபை சிரித்தது. கோமளவல்லியும் சிரித்தாள், சிரிப்பது அவள் வேலை. வீட்டில் அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. சபையில் தன் முக்காலியில் உட்கார்ந்தால்தான் உள்ளே இருப்பவள் வெளியே வருவாள். அந்த உள்ளிருப்பவள் போய்விட்டால் மிச்சமிருப்பது யார் என்று கோமளவல்லிக்கே தெரியவில்லை.

காகிதத்தில் எண்ணெய் வண்ணம் தீட்ட, முதலில் பசை பூசி, மேலே சுண்ணம் தடவிக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் தாளுக்குள் இறங்கிப் பரவிவிடும். "பசை பூசிய தாள்தான் அம்மா, தாராளமாக வரையலாம்" என்று நாகலிங்கரே ஒரு தாளைக் கொடுத்தார்.

கிரீடத்தின் ஓரத்தில் முதல் தீற்றல் வைத்ததுமே சுற்றிலும் கறை படர்ந்தது. வெறும் தாள். வேறு தாள் வேண்டுமென்றால் அதையும் நாகலிங்கரிடம்தான் கேட்க வேண்டும்.

பயம் வந்தால் அவளுக்குப் பசி வந்துவிடும். அதிரசம் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தாள். எண்ணெய் ஊறிய இடத்தின் வழியே சன்னல் கம்பிகள் தெரிந்தன. கடித்த அதிரசம் வாயிலேயே நின்றது.

முகம் வரும் இடத்துக்கு மட்டும் பசையும் சுண்ணமும் பூசினாள். எண்ணெயில் குழைத்த வண்ணத்தை முதலில் மெல்லிசாகவும், காய்ந்தபின் கெட்டியாகவும் ஏற்றினாள். தலையைச் சுற்றி வெறும் எண்ணெய்.

பௌர்ணமியன்று நாகலிங்கர் படத்தை எட்டிப் பார்த்தார். "வடை மடித்த காகிதம் போலிருக்கிறதே." சபை குலுங்கியது.

அரசரின் முகம் சுருங்கியது. "ஒளி எங்கே?"

"வெளியே நிற்கிறது, அரசே. தாங்கள் நிஜ ஒளி கேட்டீர்கள். அதைப் படத்துக்குள் அடைக்க எனக்கேது அதிகாரம்? வழி மட்டும் விட்டிருக்கிறேன்."

படத்தைக் கிழக்குச் சன்னலில் தூக்கிப் பிடித்தாள். கெட்டி வண்ணத்தில் அரசரின் முகம் அப்படியே நிற்க, அதைச் சுற்றிக் காலை வெயில் தகதகவென்று வழிந்தது.

"எல்லாம் நாகலிங்கரின் முன்யோசனை" என்றாள் அவள். "பசை பூசிய தாள் என்று சொல்லி வெறும் தாளைக் கொடுத்தார். இல்லாவிட்டால் வெயில் நுழைந்திருக்குமா? இனி தாங்கள் பார்க்க விரும்பும்போதெல்லாம் யாராவது இதைச் சன்னலில் பிடித்து நிற்க வேண்டும். அந்தப் பெருமையும் அவருக்கே இருக்கட்டும்."

விஷயம் புரிந்து அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். நாகலிங்கர் படத்தைப் பிடித்துக்கொண்டு சன்னலருகே நின்றார்.

கோமளவல்லி தன் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"மூக்கு கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டதே" என்றார் அரசர்.

"அதுவும் நிஜம்தான், அரசே."

அரசர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்.