விழ இடமுள்ள வீடு

ஊமத்தங்குளத்தில் கொசுக்கள் பெருகிவிட்டன. கரையில் நின்ற கிழட்டுப் புளியமரம் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட, அதன் பொந்தில் குடியிருந்த சின்ன வௌவால்கள் மலைப்பக்கம் போய்விட்டன. அவை இருந்தவரை கொசுவைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை. வௌவால்களைப் பற்றியும் யாரும் நினைத்ததில்லை.

அதிகம் தவித்தது கூளைச்சி என்ற எருமைதான். அவளுக்கு ஒன்றுமில்லை. சேற்றில் ஒரு புரளல் புரண்டு எழுந்தால் எந்தக் கொசுவும் அண்டாது. ஆனால் அவளுடைய கன்று பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சேற்றைக் கண்டால் அதற்குப் பயம். காதுமடலும் கண்ணோரமும் வீங்கி, மடியில் நான்கு வாய் குடிப்பதற்குள் உதறிக்கொண்டு ஓடியது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது.

கூளைச்சி மலையடிவாரம் வரை நடந்துபோய், வௌவால் கூட்டத்துக்குப் பெரியவளான செவ்வந்தியைப் பார்த்தாள்.

"திரும்பி வந்துடு தாயி. என் பிள்ளை பிழைக்கணும்."

"வரலாம் அக்கா. எங்கே தங்குறது? எங்களில் ஆறு பேர் நிறைமாசம். இந்தப் பாறை இடுக்கில் ஒருத்தி மேல் ஒருத்தி கிடக்கிறோம். வீடு ஒன்று ஏற்பாடு பண்ணுங்க. நாளை மறுநாள் பொழுது சாய வந்து பார்க்கிறேன். சரிப்படலைன்னா மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குகை இருக்காம். அன்றைக்கே அங்கே போயிடுவோம்."

எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று கூளைச்சி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீடு என்றால் வீடுதானே என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

வீடு ஒரே நாளில் தயாராகிவிட்டது. மரங்கொத்தி பட்டையைச் செதுக்கி ஒரு பெட்டி செய்தாள். புளியமரத்தில் வௌவால்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தவள் என்பதால், வாசலைக் கீழ்ப்பக்கம் வைத்தாள். மரமேறி அதைக் கட்டிவிடக் குரங்கும் சம்மதித்தது. எங்கே கட்டுவது என்பதில்தான் சிக்கல்.

"என் ஆட்டக்களத்துக்கு எதிரே வையுங்க. பாவம், அவங்களும் நாலு நல்லது பார்க்கட்டும்" என்றது மயில்.

"நல்லாத் தாழ்வா வையுங்க. போகிறபோது வருகிறபோது நலம் விசாரிக்கலாம்" என்றது முயல்.

"கிளை அடர்ந்த மரமா பாருங்க" என்றது மரநாய். "நிழல், குளிர்ச்சி. ராத்திரி எல்லாம் நான் விழித்துத்தான் இருப்பேன். ஒருத்தர் விடாமல் பார்த்துக்கிறேன்." சொல்லிவிட்டு உதட்டை நக்கிக்கொண்டது.

பேச்சு வளர்ந்து சண்டையானது. கடைசியில் குரங்கு எழுந்து, "இதுக்கு ஏன் மண்டையை உடைக்கிறீங்க? பல்லிச் சாமியைக் கேட்போம்" என்றது.

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கரையோரக் கல்லில் வாழ்ந்த அந்தப் பல்லி 'உச்' கொட்டாமல் அங்கே எந்தக் காரியமும் நடந்ததில்லை. பல்லி எப்போதும் வேறு ஏதோ யோசனையில் இருப்பதுபோலத்தான் இருக்கும். அதனாலேயே அதன் மேல் மரியாதை அதிகம்.

குரங்கு வாய்பொத்தி நின்று ஒவ்வொரு இடமாகச் சொன்னது.

"ஆட்டக்களம்?" பல்லி பேசாமல் இருந்தது.

"குளத்து மேல நீட்டிட்டு நிற்கிற பாறை?" பல்லி ஓர் ஈயைப் பார்த்தது.

"முருங்கை மரம்?"

"உச். உச். உச்."

"மூன்று தடவை!" என்று முயல் துள்ளியது. வளைந்து நெளிந்த முருங்கைக் கிளைகளுக்கு நடுவே, மரநாய் காட்டிய கொப்பில், குரங்கு பெட்டியைக் கட்டியது. புது வீட்டு வாசலில் வைக்கும் மஞ்சள் பொட்டுக்குப் பதில் மஞ்சள் ஊமத்தம்பூவை ஒட்டினார்கள்.

சொன்ன நாளில், வெளிச்சம் மங்கும் நேரத்தில் செவ்வந்தி வந்தாள். முருங்கையை மூன்று சுற்றுச் சுற்றினாள். இறங்கவே இல்லை. கடைசியில் கூளைச்சியின் கொம்பில் தலைகீழாகத் தொங்கினாள்.

"வீடு நல்லா இருக்கு. விழ இடம் எங்கே?"

கூளைச்சிக்குப் புரியவில்லை. "விழுறதுக்கா? யாராவது விழுறதுக்கு வீடு கட்டுவாங்களா?"

"அக்கா, நாங்க உங்களை மாதிரி எழுந்து கிளம்புறவங்க இல்லை. வாசலில் இருந்து முதலில் விழணும். விழுந்த வேகத்தில் சிறகை விரிக்கணும். இங்கே விழுந்தால் கிளையில் மோதி மண்டை உடையும். தப்பித்தால் கீழே அவர் இருக்கார்."

கீழே மரநாய் இருந்தது. அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

"நான் வரேன் அக்கா. விடியறதுக்குள் எல்லாரையும் குகைக்குக் கூட்டிப் போகணும். மாசமான பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அலைய முடியாது."

கூளைச்சி கன்றைப் பார்த்தாள். அது நின்றபடியே தலையை உதறிக்கொண்டிருந்தது. ஓடக்கூட அதற்குத் தெம்பில்லை.

"தாயி, ஒரு நிமிஷம் இரு. எந்த இடம் வேணும்னு நீயே காட்டு."

"இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுச் செவ்வந்தி பறந்தாள். குளத்தின் மேல் தலை நீட்டி நின்ற மொட்டைப் பாறையின் அடியில் போய்த் தொங்கினாள். கீழே வெறும் தண்ணீர். எதிரே ஒரு கிளைகூட இல்லை. காலை வெயில் நேராக விழும் இடம்.

"அங்கேயா?" மரநாய் பதறியது. "அங்கே எப்படி ஏறுறது?"

"அதுக்குத்தான்" என்றாள் செவ்வந்தி.

குரங்கு காதைப் பொத்திக்கொண்டது. "சாமி முருங்கைன்னு சொல்லியாச்சு. பாறைக்கு வாயே திறக்கலை. சகுனத்தை மீறி நான் தொட மாட்டேன்."

கூளைச்சிக்கு அதுவரை கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அவள் நேரே கல்லுக்குப் போய், பல்லியின் முகத்துக்கு முன்னால் மூச்சு விட்டாள். பல்லி ஒரு சாண் பின்னால் போயிற்று.

"சாமி, அன்றைக்கு மூன்று தடவை உச் கொட்டினீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

பல்லி கண்ணை நக்கிக்கொண்டது. "அதுவா? என் வீட்டுக்காரி கோபித்துக்கொண்டு முருங்கை மரத்தில் போய் உட்கார்ந்திருக்கா. அந்தப் பேரைக் கேட்டதும் ஞாபகம் வந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். வரலை."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இதை ஏன் சாமி அப்போதே சொல்லலை?" என்றது முயல்.

"யார் கேட்டீங்க? நான் வாயைத் திறந்தால் கன்னத்தில் போட்டுக்கிட்டு ஓடிடுறீங்க."

குரங்கு தொண்டையைச் செருமியது. "எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்" என்று முனகிக்கொண்டே முருங்கையில் ஏறிப் பெட்டியை அவிழ்த்தது. கொடியில் கட்டி, பாறையின் உச்சியிலிருந்து இறக்கி, அடியில் இருந்த இடுக்கில் இறுக்கியது.

அந்த நேரம் முருங்கைப் பக்கமிருந்து "உச் உச்" என்று ஒரு குரல் கேட்டது. முயலும் மயிலும் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டன. "பார்த்தீங்களா? பாறைக்கும் நல்ல சகுனம்!"

"சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை" என்றது பல்லி சோகமாக. "அவள் என்னைத் திட்டுறா."

செவ்வந்தி போய்த் தன் கூட்டத்தை அழைத்துவந்தாள். நிறைமாசக்காரிகள் ஆறு பேரும் முதலில் உள்ளே போனார்கள். மற்றவர்கள் வாசலிலிருந்து ஒவ்வொருவராகத் தலைகுப்புற விழுந்து, தண்ணீரைத் தொடுவதற்கு முன் சிறகை விரித்து, கன்றின் தலைக்கு மேல் வட்டமிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கன்று உதறுவதை நிறுத்தியது. தட்டுத்தடுமாறி வந்து மடியில் வாய் வைத்தது. நான்கு வாய்க்குப் பிறகும் அது ஓடவில்லை.

ஒருவருக்கு வீட்டுக்கு இடம் பார்ப்பதென்றால், ஊரையும் சகுனத்தையும் கேட்பதற்கு முன்னால் அதில் குடியிருக்கப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.