அடுப்பணைச்சான்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ஊர் பேரெல்லாம் எதற்கு, மலையடிவாரத்து ராஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தநாளன்று வீட்டுக்கு வீடு பொங்கல் வைத்தாக வேண்டும். அந்த வருஷம் மலையூரில் ஒரு வீட்டில்கூடப் புகை எழவில்லை. ஊர்த்தலைவன் மாதையனைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"அன்னிக்கு அடுப்பணைச்சான் எறங்கிருச்சு சாமி. மலைமேலேர்ந்து வர்ற சூட்டுக்காத்துக்கு எங்க ஊருல அதுதான் பேரு" என்றான் மாதையன். அதற்குமேல் அவனுக்குப் பேச வரவில்லை.

ஆஸ்தானப் புலவர் திரியம்பகர் சும்மா இருப்பாரா? அரசவை விகடன் சேவுகனை அவருக்குப் பிடிக்காது; அவன் பிறந்தது மலையூரில். அதனாலேயே அவருக்கு அந்த ஊர் ஆகாது.

"பிரபு, சுடுகாற்று நெருப்பை மூட்டுமேயன்றி அணைக்காது. இவன் பொய் சொல்கிறான்" என்றார்.

"பொய்யில்லை பிரபு. பொருள் விளக்க அவகாசம் தாருங்கள்" என்றான் சேவுகன்.

"சரி. அடுத்த முறை அந்தக் காற்று இறங்கும் நாளில் எமக்கு அது விளங்க வேண்டும். அன்று விளங்கும்வரை ஒரு பருக்கை தொடமாட்டோம். பொழுது சாய்வதற்குள் விளங்காவிட்டால் மாதையன் தலை போகும்" என்றார் ராஜா.

ஏழாம் நாள் காற்று இறங்கியது. உதடெல்லாம் வெடித்தது. சேவுகன் அரண்மனை மடைப்பள்ளிக்குள் புகுந்து எல்லா அடுப்பிலும் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினான். மத்தியானம் ராஜா முன்னால் வெறும் இலை கிடந்தது.

"என்ன துணிச்சல் உனக்கு?"

"விளங்கும்வரை உண்ணமாட்டேன் என்றீர்களே பிரபு, பிறகு அடுப்பு எதற்கு? காற்று அணைக்கவில்லை. காற்றைக் கண்டு கை அணைத்தது."

திரியம்பகர் எழுந்தார். "எம் வீட்டில் அடுப்பு எரிகிறது பிரபு. அமுது வரவழைக்கிறேன்."

அமுது வரவில்லை, ஆள்தான் ஓடிவந்தான். "ஐயா, அடுப்புப் பொறி வைக்கோல்போர்ல விழுந்து நம்ம வீடே எரியுது." ஆளும் மாடும் தப்பியது புண்ணியம். வீடு மிஞ்சவில்லை.

அப்போதுதான் கட்டோடு ஓரமாய் நின்ற மாதையன் வாய் திறந்தான்.

"முந்தி ஒரு வருசம் இதே காத்துல ஒரே ஒரு பொறி சாமி. எங்க கூரையெல்லாம் புல்லு. என் பொஞ்சாதியும் ரெண்டு புள்ளைங்களும் உள்ளேயே போயிட்டாங்க. மிச்சமிருந்தவங்க கூடித்தான் இந்தப் பேரை வச்சோம். பேரைச் சொன்னதுமே தண்ணிக் குடத்தை எடுக்கணும்னு."

ராஜா தாமே எழுந்து மாதையனின் கட்டை அவிழ்த்தார்.

"சேவுகா, பழையது இருக்கிறதா?"

இருந்தது. முதல் கவளத்தில் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "எம்மையே பட்டினி போட்டுப் பாடம் சொன்னவன் நீ ஒருவன்தான்" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

அன்றிலிருந்து அந்தக் காற்று இறங்கினால் முதலில் அணைவது அரண்மனை அடுப்பு. தண்ணீர்க் குடம் தூக்குகிறவர் திரியம்பகர். யாரும் அவரை ஏவுவதில்லை.